விளக்குக்காரரின் மூத்த மனைவி எப்போது இறந்தாள்?

திங்கள், காலை.

கல்லறைக் கல்லைத் திருடுகிறவர்கள் அநேகமாகக் கிடையாது. விற்கப் போனால் வாங்க ஆளில்லை. வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது. ஆனாலும் ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தின் மூன்றாவது வரிசையில் ஒரு கல் காணாமல் போயிருந்தது. அது நின்ற இடத்தில் ஈரக் குழி. குழியின் விளிம்பில் கடப்பாரை அழுந்திய தடம். புல்லின் மேல் கனமான எதையோ இழுத்துச் சென்ற கோடு ஒன்று வேலி வரைக்கும் போய், வண்டிப் பாதையில் முடிந்துவிட்டது.

புகார் கொடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காவல் நிலையத்தில் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். மனு நாலு பக்கம். முதல் மூன்று பக்கத்தில் அவருடைய வம்சப் பெருமை. நாலாவது பக்கத்தில்தான் கல் வந்தது. கூடவே ஒரு புத்தகத்தையும் கொடுத்தார். அவரே எழுதி, அவரே செலவு செய்து அச்சிட்ட குடும்ப வரலாறு. அட்டையில் தாத்தாவின் படம் சின்னதாகவும் பேரனின் படம் பெரிதாகவும் இருந்தன.

விசாரணை சப்-இன்ஸ்பெக்டரிடம் வந்தது. முப்பது வயதுப் பெண். நிலையத்தில் அவளுக்கு எலுமிச்சை என்று பெயர். முகத்தைப் பார்த்து வைத்தது. மாலையில் சட்ட வகுப்புக்குப் போகிறவள் என்பதால், பாட்டன் சொத்து, பாதி சுவர் என்று வரும் வழக்கையெல்லாம் அவள் தலையில்தான் கட்டுவார்கள். அவளுக்குத் தன் மேல் நம்பிக்கை குறைவு. அதனால் மற்றவர்கள் மேலும் குறைவு. போலீஸ் வேலைக்கு அது வசதிதான்.

"யார் மேல சந்தேகம், சார்?"

"சந்தேகம் இல்லம்மா, நிச்சயம். எங்க கட்டிடத்துல கீழ தையக்கடை வச்சிருக்காளே, அந்தப் பொம்பளை."

"உங்களுக்கு என்ன உறவு?"

"உறவா? கேஸே அதுதானே."

பிறகு அவர் பேசியதை இங்கே அப்படியே எழுதினால் அவருடைய புத்தகம் போலாகிவிடும். சுருக்கம் இது.

கடைத்தெருவில் அவருடைய தாத்தா விளக்குக் கடை வைத்திருந்தார். ஊர் அவரை விளக்குக்காரர் என்றது. கடைக்கு மேலே ஒரு மாடியும் பின்னால் இரண்டு அறையுமாகக் கட்டிடம் எழுப்பினார். இரண்டு மனைவிகள், இரண்டு மகன்கள். மூத்த மகன் பிறந்தது 1934இல். அவர்தான் தலைமையாசிரியரின் அப்பா. இளையவளை விளக்குக்காரர் மணந்தது 1935இல். இளைய மகன் பிறந்தது 1937இல். அவர் தையல்காரியின் அப்பா. கட்டிடத்தை யாரும் பிரிக்கவில்லை. மாடி வாடகை ஒரு பக்கம் போயிற்று. கீழ்க் கடையும் பின்னறையும் இன்னொரு பக்கம் இருந்தன. சென்ற வருடம் ஒருவர் கட்டிடத்தை முழுசாக வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தார். அன்று முதல் தலைமையாசிரியருக்கு வரலாற்றில் ஆர்வம் பிறந்தது.

மூத்தவள் 1938 வரை உயிரோடிருந்தாள் என்பது அவர் கண்டுபிடிப்பு. கிறிஸ்தவக் குடும்பம்; அப்படியானால் 1935இல் நடந்த இரண்டாவது கல்யாணம் செல்லாது. இளையவளின் வாரிசுக்குப் பங்கு கிடையாது. தையல்காரி தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். அவள் பிறந்ததே அந்தப் பின்னறையில் என்பது அவருடைய புத்தகத்தில் இல்லை.

அவருக்குச் சாட்சி அந்தக் கல். போன வாரம் கோர்ட்டில் நெஞ்சை நிமிர்த்தி, வேண்டுமானால் நீதிபதியே வந்து கல்லைப் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். பெரிய மனிதர்கள் இப்படிச் சொன்னால் யாரும் வருவதில்லை. இந்த நீதிபதி வருகிறேன் என்று நாள் குறித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் கல்லைக் காணோம்.

"நீதிபதி பார்த்துடுவார்னு பயந்து தூக்கிட்டா," என்றார் தலைமையாசிரியர். "ஆனா என்கிட்ட கரிப்படி இருக்கு. கல்லு மேல பேப்பரை வச்சு நானே கரியைத் தேச்சு எடுத்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி. தேதி போட்டு வச்சிருக்கேன்."

சப்-இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எடுத்த காகிதத்தில் தேதி போட்டு வைத்திருக்கும் மனிதரை எப்படிச் சந்தேகப்படுவது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே பிடிக்கவில்லை.

செவ்வாய்.

தையல்காரிக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. போலீஸ் வந்ததற்காக அவள் குண்டூசியை எடுக்கவில்லை. எதிர்க் கடைப் படியில் தலைமையாசிரியர் குடையை ஊன்றி நின்று, சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டும் மேஜையின் அடி, துணி மூட்டைகளின் பின்புறம், பின்னறையின் கட்டில் அடி. கல் இல்லை.

"பாட்டி கல்லைத் திருடி நான் என்ன பண்ணப் போறேன்? துணி பறக்காம இருக்க மேல வைக்கவா?" என்றாள் தையல்காரி. "அதுல என்ன எழுதியிருக்குன்னுகூட எனக்குத் தெரியாதும்மா. நான் பார்த்ததே இல்ல. மூத்தவங்க போனப்புறம்தான் தாத்தா எங்க பாட்டியைக் கட்டினார்னு அப்பா சொல்வாரு. அவ்வளவுதான்."

"அவர் உங்களுக்கு அண்ணன் முறைதானே?"

"முறைப்படி பெரியப்பா மகன். அவரு பாஷையில நான் குடித்தனக்காரி." அவள் குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். "போன வருஷம் வரைக்கும் அவர் பேன்ட்டுக்கு நான்தான் இடுப்பு பிரிச்சு விட்டேன். அப்ப எல்லாம் நான் சொந்தம்தான்."

அங்கிருந்து நகராட்சிப் பதிவறை. பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்கிறவர் தலைமையாசிரியரின் முன்னாள் மாணவர். அதை அவர் இரண்டு முறை சொன்னார். எந்த ஏட்டை எடுத்தாலும் தலைமையாசிரியர் கொடுத்த விளக்கமும் கூடவே வந்தது.

இறப்புப் பதிவேட்டில் 1933இல் மூத்தவளின் பெயர் இருந்தது: விளக்குக் கடைக்காரர் மனைவி, வயது இருபத்தேழு. ஆனால் கதவு எண் இல்லை. அந்தக் காலத்தில் அதே தெருவில் இரண்டு விளக்குக் கடைகள், இது மற்றவரின் மனைவி என்றார் மாணவர். திருமணப் பதிவேட்டில் 1935இல் விளக்குக்காரர் தன்னை மனைவியை இழந்தவர் என்று எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டாம் கல்யாணத்துக்காகச் சொன்ன பொய் என்றார் மாணவர். பள்ளிச் சேர்க்கை ஏடு 1940: தலைமையாசிரியரின் அப்பா, பிறந்த வருடம் 1934, தாயின் பெயர் என்ற இடத்தில் மூத்தவளின் பெயர். இதற்கு மாணவர் விளக்கம் சொல்லவில்லை. இது உண்மை என்றார்.

இந்தப் பள்ளி ஏட்டை வைத்துத்தான் தலைமையாசிரியர் கோர்ட்டில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். முப்பத்திமூன்றில் செத்தவள் முப்பத்திநான்கில் பிள்ளை பெறுவாளா? நீதிபதியே சிரித்துவிட்டாராம். அதைப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் சேர்ப்பதாகத் திட்டம்.

மாலையில் சப்-இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியரின் வீட்டுக்குப் போனாள். கரிப்படி கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கறுப்புத் தாளில் எழுத்துகள் வெள்ளையாக, கூர்மையாக விழுந்திருந்தன. மூத்தவளின் பெயர், 'விளக்குக் கடைக்காரர் மனைவி', அதற்குக் கீழே 1938. மூலையில் அவருடைய கையெழுத்தும் இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியும். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது, வரலாறு என்றால் என்ன என்று காட்டுவதற்காக எடுத்ததாகச் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் யார் பேராவது ஞாபகமிருக்கா என்று கேட்டாள். வரலாற்றில் பிள்ளைகள் முக்கியமில்லை என்றார்.

கை கழுவப் பின்பக்கம் போனாள். மருமகள் துவைத்துக்கொண்டிருந்தாள். குழாய்க்கடியில் வாளி நுழையவில்லை; அவள் சொம்பில் பிடித்துப் பிடித்து வாளியில் ஊற்றினாள்.

"குழாயைக் கொஞ்சம் மேல தூக்கி வைக்கச் சொல்லலாமே," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"குழாய் இருந்த இடத்துலதான் இருக்கு, மேடம். தரைதான் மேல வந்துடுச்சு. புதுசாத் துவைக்கிற கல்லு போட்டுத் தந்திருக்காங்களாம். மாமாவும் இவரும். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இந்த வீட்ல ஒரு ஆம்பளை ஆணி அடிச்சு நான் பார்த்ததில்ல. திடீர்னு ரெண்டு பேரும் சிமெண்ட் குழைக்கிறாங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பழைய கல்லே நல்லாத்தான் இருந்துச்சு. யார் சொல்றது? அவர் எழுபது பக்கத்துக்கு விளக்கம் கொடுப்பாரு."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதன்.

கல்லறைத் தோட்டத்துக் காவலாளி ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடியில் மீன் வலை. காவல் காக்க வேண்டிய பொருள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கல் போன இரவு எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு, செத்தவர்கள் எழுந்து போகமாட்டார்கள் என்ற தைரியத்தில் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னான்.

தலைமையாசிரியர் அடிக்கடி வருவாரா என்று கேட்டாள்.

"அவரை மாதிரி ஒரு பேரன் கிடைக்கணும் மேடம்," என்றான். "போன வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை ஆனா வந்துடுவாரு. பையில பூ, துணி, என்னென்னமோ. கல்லுக்கு முன்னாடி உட்கார்ந்தா எழுந்திருக்கவே மாட்டாரு. சுத்தம் பண்றேன்னு டொக்கு டொக்குனு தட்டிக்கிட்டே இருப்பாரு. கிட்டப் போனா, கும்பிடறப்போ தொந்தரவு பண்ணாதேம்பாரு."

அவள் மூன்றாவது வரிசையில் நடந்தாள். கருங்கல் பலகைகள், எல்லாம் ஒரே காலத்தவை. எழுத்துகள் ஆழமாகக் குடையப்பட்டு வெறும் பள்ளமாக இருந்தன. ஒரு பள்ளத்துக்குள் விரலை விட்டாள். அடியில் ஊசிமுனை போல் ஏதோ நெருடியது. தீக்குச்சியை விட்டுப் பார்த்தாள், சின்னத் துளை. பக்கத்து எழுத்திலும் துளை. எல்லா எழுத்திலும், ஒவ்வொரு வளைவிலும், சீரான இடைவெளியில் துளைகள். எதற்கு என்று தெரியவில்லை. தெரியாத விஷயத்தை விட்டுவிட்டுப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. வரிசையின் கடைசிக்குப் போனாள். அங்கே முள்புதருக்குள் ஒரு கல் நின்றது. கையைக் கீறிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

இந்தக் கல்லில் பள்ளம் இல்லை. எழுத்துகள் சாம்பல் நிறத்தில், கல்லின் பரப்போடு சமமாக மினுங்கின. நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்தது.

ஈயம்.

திரும்பி வந்து காவலாளியின் மடியிலிருந்த வலையைப் பார்த்தாள். வலையின் ஓரம் முழுக்க ஈயக் குண்டுகள். அவன் வலையைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"எங்கிருந்து வாங்கினே?"

அவன் சுருட்டிய வலையை முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"நான் கல்லைத்தான் தேடறேன். ஈயத்தைத் தேடல. தேட வைக்காதே."

அதற்கப்புறம் நன்றாகவே பேசினான். அவன் வேலைக்கு வந்து நாலு வருடம். வந்த புதிதில் வலைக்குக் கனம் வேண்டியிருந்தது. கல்லில் எழுத்தை வெட்டி, உள்ளே துளை போட்டு, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, அடித்துச் சமப்படுத்தியிருந்தார்கள். அந்தத் துளைக்குள் ஈயம் இறங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் நெம்பி எடுப்பதற்குள் உயிர் போய்விட்டதாம். முள்புதரில் இருப்பதை மட்டும் விட்டுவிட்டான். பாம்பு பயம்.

"விளக்குக்காரர் சம்சாரத்தோட கல்லு?"

"முதல்ல எடுத்ததே அதுதான். எழுத்து பெருசு."

"அதுல என்ன வருஷம் போட்டிருந்தது?"

"எழுத்தைப் பார்த்தா எடுத்தேன்? ஈயத்தைப் பார்த்து எடுத்தேன்." கொஞ்சம் யோசித்து, நியாயம் பேசினான். "செத்தவங்க என்ன மீனா பிடிக்கப் போறாங்க?"

அவள் மறுபடி முள்ளுக்குள் போனாள். பையிலிருந்த வெள்ளைத் தாளை ஈயம் இருக்கும் கல்லின் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தாள். தாள் முழுக்கக் கறுத்தது. ஒரு எழுத்து விழவில்லை. தான் சரியாகத் தேய்க்கவில்லையோ என்று இன்னொரு தாளில் தேய்த்தாள். அதுவும் வெறும் கறுப்பு. பிறகு ஈயம் போன ஒரு கல்லில் தேய்த்தாள். எழுத்துகள் வெள்ளையாக, கூர்மையாக விழுந்தன.

முள்புதருக்குப் பக்கத்தில் நின்றபடியே மூன்று தாளையும் வரிசையாகப் பார்த்தாள். நாலு வருடத்துக்கு முன்பு வரைக்கும் அந்தக் கல்லிலிருந்து யார் தேய்த்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. தலைமையாசிரியர் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே தேய்த்துவிட்டார்.

சரி, தேதி பொய். ஏன் பொய்? கட்டிடத்துக்காக என்றால், அது பாதிதான் பொருந்தியது. அந்த மாலை வகுப்பில் அவள் பாடத்தைக் கவனிக்கவில்லை. காகிதத்தில் மூன்று வருடங்களை எழுதினாள். 1933, 1934, 1935. சாவு, பிறப்பு, கல்யாணம். கோர்ட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்த அந்தக் கேள்வியை மறுபடி நினைத்தாள். இந்த முறை அது வேறு மாதிரி கேட்டது. அப்போதுதான் குழாயும் வாளியும் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு நாள் தாமதமாக வந்த புத்திக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழன், காலை.

பின்கட்டில் எல்லோரும் நின்றார்கள். தலைமையாசிரியர், அவருடைய வக்கீல், கண்ணைத் தரையிலிருந்து எடுக்காத மகன், மருமகள். சப்-இன்ஸ்பெக்டர் கூப்பிட்டதால் தையல்காரியும் வந்திருந்தாள். தலைமையாசிரியர் அவளைப் பார்த்ததும் இடத்தை மாற்றி நின்றுகொண்டார்.

இரண்டு காவலர்கள் கடப்பாரையால் துவைகல்லை நெம்பினார்கள். இது பரம்பரை வீடு, கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தார். கல் புரண்டு மல்லாந்தது. சிமெண்ட் ஒட்டியிருந்த முகத்தை மருமகள் கேட்காமலே சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். விளக்குக் கடைக்காரர் மனைவி வெளிச்சத்துக்கு வந்தாள்.

வக்கீல் தன் கட்சிக்காரரைப் பார்த்தார்.

"அவங்க திருடிடப் போறாங்கன்னு பாதுகாப்பா எடுத்து வச்சேன்," என்றார் தலைமையாசிரியர்.

"காணோம்னு புகார் கொடுத்துட்டா?"

"அது... ஒரு முன்னெச்சரிக்கை."

சப்-இன்ஸ்பெக்டர் தீக்குச்சிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். ஈயத்தையும் துளையையும் வலையையும் இரண்டு நிமிடத்தில் சொன்னாள். பிறகு வருடத்துக்கு வந்தாள். முதல் எண் ஒன்று; அதில் துளை இருந்தது, குச்சியை நட்டாள். ஒன்பதில் நாலு குச்சி நின்றது. மூன்றில் ஐந்து. கடைசி எண் எட்டு. அதன் வலது பக்கத்து இரண்டு வளைவிலும் குச்சி நின்றது. இடது பக்கத்தில் குச்சியைத் தடவித் தடவிப் பார்த்தாள். துளை இல்லை. குடைவும் அங்கே மட்டும் ஆழம் குறைவாக, கோணலாக இருந்தது.

"வக்கீல் சார், குச்சி நிக்கிற இடத்தை மட்டும் படிங்க."

வக்கீல் குனிந்தார். "மூணு."

"முப்பத்திமூணு. துளை எதுக்கு இருக்குன்னு தெரியாதவர் வெட்டினது. இடது பக்கம் ரெண்டு வளைவு சேர்த்தா மூணு எட்டாயிடும்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உட்கார்ந்து, பூவை மேல வச்சுட்டுக் கீழ உளி அடிச்சிருக்கார். கரிப்படியைக் கேஸ் போட்டப்புறம் எடுத்தேன்னு சொல்லியிருந்தா நான் ஈயத்தைப் பத்தி யோசிச்சிருக்கவே மாட்டேன். பழசா இருந்தா மதிப்புன்னு இருபத்திரண்டு வருஷம் சேர்த்துக்கிட்டார். நீதிபதி பார்க்க வர்றேன்னதும் புது வெட்டு தெரிஞ்சுடும்னு பயம். உடைச்சிருக்கலாமே சார்?"

"என் பாட்டி கல்லை நான் உடைப்பேனா?" என்றார் தலைமையாசிரியர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மரியாதை கெடாமல் இருக்கத்தான் அழுக்குத் துணிக்கு அடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்.

"ஒரு கட்டிடத்துக்காக இவ்வளவா," என்றார் வக்கீல் சலிப்போடு.

"கட்டிடம் ரெண்டாவதுதான்," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். "சார் கோர்ட்ல ஒரு கேள்வி கேட்டாரே. முப்பத்திமூணுல செத்தவ முப்பத்திநாலுல பிள்ளை பெறுவாளான்னு. பெற மாட்டா. அது சரிதான். அப்ப இவர் அப்பாவைப் பெத்தது யாரு?"

குழாய் சொட்டியது.

"மூத்தவங்களுக்குப் பிள்ளையே இல்ல. அவங்க போன அடுத்த வருஷம் இளையவங்களுக்கு ஒரு பையன் பிறந்திருக்கான். அதுக்கு அடுத்த வருஷம் கல்யாணம். ஊர் வாயை அடைக்க, பள்ளியில சேர்க்கறப்போ செத்தவங்க பேரைத் தாயார் பேராச் சொல்லிட்டார் விளக்குக்காரர். பள்ளிக்கூடத்துல யாரு சான்று கேட்டாங்க? அப்பன் சொன்னதை எழுதிக்கிட்டாங்க. எல்லா ஏடும் உண்மைதான், அந்தத் தாயார் பேர் ஒண்ணைத் தவிர. சார் மட்டும் அந்த ஒண்ணை உண்மைன்னு வச்சுக்கிட்டு மத்த எல்லாத்தையும் பொய்யாக்கினார். கடைசியா கல்லு மிச்சம் இருந்தது. அதையும் திருத்தினார்."

தையல்காரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. துணியை மடித்துப் பார்ப்பது போல ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் பார்த்தாள். "அப்ப எங்க பெரியப்பாவும் எங்க அப்பாவும் ஒரே வயித்துப் பிள்ளைங்களா?"

"ஆமா."

"ஒரு பாட்டியாம்மா எங்களுக்கு?"

"ஒரே பாட்டி."

அவள் தலைமையாசிரியரைப் பார்த்தாள். அவர் மல்லாந்து கிடந்த கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நாளும் புத்தகத்தின் எழுபது பக்கங்களில் 'வந்தவள்' என்றும், 'ஒட்டிக்கொண்டவள்' என்றும் அவர் எழுதித் தள்ளியது தன் அப்பாவின் தாயைப் பற்றி. அச்சுக் கூலி தனி.

வியாழன், மாலை.

காவல் நிலையத்தில் தலைமையாசிரியருக்கு முன்னால் இரண்டு காகிதங்கள் இருந்தன.

ஒன்று, கல்லைத் திருத்தியதற்கும் எடுத்துப் போனதற்கும் வாக்குமூலம். இன்னொன்றை வக்கீல் ஓடி ஓடித் தயார் செய்து கொண்டு வந்திருந்தார். அதன் விஷயம் எளிமையானது. பெற்றோர் பின்னால் முறைப்படி மணந்துகொண்டால் முன்னால் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையே. சப்-இன்ஸ்பெக்டர் இதை வகுப்பில் படித்திருந்தாள்; தப்பாக நினைவு வைத்திருக்கிறோமோ என்று வக்கீலிடம் கேட்டும் உறுதி செய்துகொண்டாள். ஆகவே தலைமையாசிரியர், தன் அப்பா இளைய மனைவிக்குப் பிறந்தவர் என்று ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால், கட்டிடத்தில் பாதி அவருக்கு வரும். போடாவிட்டால் அவருடைய அப்பா மூத்தவளுக்கும் மகனில்லை, இளையவளுக்கும் மகனில்லை என்றாகி, ஒரு செங்கல்கூடக் கிடைக்காது.

தலைமையாசிரியர் முதல் காகிதத்தை எடுத்தார். நிலைய எழுத்தர் எழுதியது பிடிக்காமல் வேறு தாள் வாங்கித் தானே எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. உளி வாங்கிய கடையைக்கூட மறைக்கவில்லை. எழுதி முடித்து நீட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் படித்தாள். 'விளக்குக்காரரின் மூத்த மனைவியின் நேர்ப் பேரனாகிய நான்' என்று தொடங்கியது.

"சார், முதல் வரியும் மூணாவது வரியும் ஒத்து வரலையே. முப்பத்திமூணுன்னு இருந்ததைத் திருத்தினேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப எப்படி நேர்ப் பேரன்?"

"நான் வரலாற்று வாத்தியார்மா," என்றார் அவர். "கணக்கு வேற ஆள் எடுப்பார்."

வக்கீல் இரண்டாவது காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பாதிக் கட்டிடம், கடைத்தெருவில், என்று காதோடு சொன்னார். இந்தக் கேஸுக்குத் தண்டனை வந்தாலும் வெளியே வரும்போது கையில் ஏதாவது இருக்குமே என்றார். தலைமையாசிரியர் காகிதத்தை ஒரு விரலால் திருப்பி அனுப்பினார்.

"திருடன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். அவ பேரன்னு போட மாட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பில் நல்ல கேள்விக்கு நல்ல பதில் சொல்லிவிட்ட முகம்.

வாசல் பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வாக்குமூலமும் தேவைப்பட்டது. உள்ளே பேசியது அவ்வளவும் அவள் காதில் விழுந்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, இனி யாரும் உங்களை அந்த வீட்டிலிருந்து கிளப்ப முடியாது, அவர் கையெழுத்துப் போடாவிட்டால் முழுக் கட்டிடமும் உங்களுக்குத்தான் வரும் என்றாள். பேசிப் பார்க்கிறீர்களா, தங்கை சொன்னால் கேட்பாரோ என்னவோ என்றும் சொல்லிப் பார்த்தாள்.

தையல்காரி எழுந்து சேலையை உதறினாள். மூன்று பேர் நாளைக் காலை ரவிக்கை கேட்டிருக்கிறார்கள், கடையில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள் என்றாள். இரண்டு படி இறங்கிவிட்டு நின்றாள்.

"விட்டுடுங்கம்மா. கட்டிடத்துக்காகச் சொல்லல. அவர் கையெழுத்துப் போட்டுட்டார்னா, இந்த ஆள் எனக்கு அண்ணன்னு நாலு பேர்கிட்ட நானும் சொல்லியாகணுமே. எனக்கும் மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"